யாழ் முதல் கண்ணாடிப் பலகை வரை

யாழ்ப்பாணம் தன் பெயரை ஓர் இசைக்கருவியிடமிருந்து பெற்றது என்பது வழிவழியாக வழங்கும் கதை. கண்பார்வை இழந்த பாணர் ஒருவர் மன்னன் முன்னிலையில் யாழிசைத்து, மணல் மிகுந்த இந்நிலத்தைப் பரிசிலாகப் பெற்றார் என்று கூறுவர். இக்கதை எவ்வளவு தூரம் வரலாறாகும் என்பதில் அறிஞரிடையே கருத்து வேற்றுமை உண்டு. எனினும் ஒன்று உறுதி. ஊரின் பெயரில் யாழ் நிலைத்தது. ஊரார் கையில் அது நிலைக்கவில்லை. சங்கச் செய்யுட்களும் சிலப்பதிகாரமும் அதன் உறுப்புக்களையும் நரம்புகளையும் விரித்துரைக்கின்றன. ஆயினும் பண்டைப் பாணர் கையில் அது எழுப்பிய ஓசையைச் செவியால் அறிந்தவர் இன்று எவருமிலர்.

அந்த ஓசையைத் தேடிப் புறப்பட்டவருள் தலையாயவர் சுவாமி விபுலாநந்தர். 1892ஆம் ஆண்டு கிழக்கிலங்கையின் காரைதீவில் பிறந்த இவர், விஞ்ஞானம் பயின்றவர். யாழ்ப்பாணத்து மானிப்பாய் இந்துக் கல்லூரியில் அதிபராகவும் விளங்கியவர். பல்லாண்டு ஆய்வின் பயனாகிய அவரது யாழ்நூல் 1947ஆம் ஆண்டு சோழ நாட்டுத் திருக்கொள்ளம்பூதூரில் அரங்கேறியது. அவ்வாண்டிலேயே அவர் மறைந்தார். நரம்புகளுக்கிடையே உள்ள சுருதி விகிதங்களைக் கணித முறையால் மீட்டெடுத்தது அந்நூல். ஆனால் கணிதம் தந்தது சுருதியின் அளவை மட்டுமே. ஒரே சுருதியில் ஒலிப்பினும் வீணையையும் குழலையும் செவி வேறுபடுத்தி அறிகிறதே, அந்தக் குரல் வேறுபாட்டை ஏட்டில் எழுதி வைக்க இயலாது. கருவியோடு அதன் குரலும் மறைந்தது.

ஒரு கருவியின் குரலை அதன் உடலிலிருந்து பிரித்து வேறோரிடத்தில் வைத்துக் காக்க முடியுமா? இருபதாம் நூற்றாண்டு இவ்வினாவிற்கு ‘முடியும்’ என்று விடை கூறிற்று. இன்று அரைக் கிலோ அளவே நிறையுள்ள கண்ணாடிப் பலகை ஒன்றை, டாப்லெட் என வழங்கும் கைக்கணினியை, மடியில் வைத்து மேடையிலே வாசிக்க இயலும். அதனுள்ளிருந்து எழும் குரலோ, இருவர் சுமக்கவேண்டிய சிந்தசைசர் ஒன்றின் குரலாக இருக்கும். இந்நிலைக்கு உலகம் வந்து சேர்ந்த வழி சுவையானது.

வெளிநாட்டுக் கருவியொன்றைத் தன்னதாக்கிக் கொள்ளுதல் குடாநாட்டிற்குப் புதிதன்று. ஐரோப்பாவில் தோன்றிய ஆர்மோனியம், 1875ஆம் ஆண்டளவில் கல்கத்தாவில் துவாரகாநாத் கோஷ் என்பவரால் தரையில் அமர்ந்து ஒரு கையால் துருத்தியை இயக்கி வாசிக்கத்தக்க பெட்டியாக உருமாறியது. நாடகக் குழுக்கள் அதனைத் தமிழகம் எங்கும் கொண்டு சென்றன; அங்கிருந்து கடல் கடந்து அது யாழ்ப்பாண மேடைக்கும் வந்தது. காங்கேசன்துறையைச் சேர்ந்த நடிகமணி வி. வி. வைரமுத்து மயான காண்டத்தில் அரிச்சந்திரனாக நின்று விடியவிடியப் பாடிய இரவுகளில், மேடையோரத்து ஆர்மோனியமே அவருக்குச் சுருதியும் துணையுமாக இருந்தது.

அக்கருவியின் குறையும் அன்றே அறியப்பட்டிருந்தது. ஒரு சுரத்திலிருந்து மறு சுரத்திற்கு வழுக்கிச் செல்லும் கமகத்தை அதன் கட்டைகள் தரமாட்டா. இக்காரணத்தை முன்னிட்டு அகில இந்திய வானொலி 1940இல் ஆர்மோனியத்திற்குத் தடை விதித்தது. 1971 அளவிலேதான் அத்தடை தளர்ந்தது. வானொலி விலக்கிய அக்கருவியை நாடக மேடை விலக்கவில்லை. எளிதில் சுமந்து செல்லலாம், எந்த ஊரிலும் ஒரே சுருதியில் நிற்கும் என்னும் இரு நன்மைகளும், திருவிழாவிற்குத் திருவிழா அலைந்த கலைஞருக்குப் பெரிதாகத் தோன்றின.

ஆர்மோனியம் தன் குரலிலேயே பேசிற்று. பிற கருவியின் குரலில் பேசும் பெட்டியை மேலை நாட்டார் பின்னர் ஆக்கினர். 1963இல் இங்கிலாந்தின் பர்மிங்காம் நகரில் வெளிவந்த மெலட்ரான் என்னும் கருவியில், ஒவ்வொரு கட்டைக்கும் ஓர் ஒலிநாடா இருந்தது. கட்டையை அழுத்தினால், முன்பு பதிந்து வைத்த வயலினோ குழலோ எட்டுச் செக்கன் அளவு ஒலிக்கும். பின் நாடா முடிந்துவிடும். 1979இல் அவுஸ்திரேலியாவின் சிட்னி நகரத்தார் ஆக்கிய ஃபேர்லைட் என்னும் கருவி, நாடாவை விலக்கி, ஒலியை எண்களாக்கிக் கணினியின் நினைவில் வைத்தது. சாம்ப்ளிங் என இசைவாணர் வழங்கும் ஒலிமாதிரி எடுக்கும் கலை இவ்வாறு வளர்ந்தது.

அதே காலத்தில் சிந்தசைசர் என்னும் கருவியும் பெருகிற்று. இஃது எந்தக் கருவியையும் பதிந்து வைப்பதன்று. மின்னலைகளைக் கலந்தும் வடித்தும் புதுக்குரல்களைப் பிறப்பிப்பது. 1983இல் யமாஹா நிறுவனம் வெளியிட்ட டிஎக்ஸ் 7 என்னும் சிந்தசைசரின் மணியோசையும் மின்பியானோ ஓசையும் உலகெங்கும் பரவின. தமிழ்த் திரையிசையும் இவ்வழியில் திரும்பிற்று. இளையராஜா இசையமைத்து 1986இல் வெளிவந்த புன்னகை மன்னன், கணினியின் துணையைப் பெரிதும் கொண்ட தொடக்க காலப் படங்களுள் ஒன்று. திரையில் கேட்ட பாட்டைக் கோயில் வீதியில் அதே குரலோடு கேட்க மக்கள் விரும்பினர். கண்ணன் கோஷ்டி முதலிய இன்னிசைக் குழுக்களைக் கேட்டு வளர்ந்த குடாநாட்டிலும் அவ்விருப்பம் குறைந்ததன்று.

ஆயின் கருவியோ விலை மிகுந்தது. பழுதானால் சீர்செய்ய ஆளும் உதிரிப்பாகமும் வேண்டுவது. மேலும் மின்சாரமின்றி அது வெறும் பெட்டியே. 1990இல் போர் மீண்டும் மூண்டபின் யாழ்ப்பாணம் ஆண்டுக்கணக்கில் பொது மின்வழங்கல் இன்றி இருந்தது. மின்கலங்களும் தடைசெய்யப்பட்ட பொருட்களாயின. துவிச்சக்கர வண்டியைக் கவிழ்த்து வைத்துச் சில்லைச் சுழற்றி, அதன் டைனமோவிலிருந்து எழும் மின்னோட்டத்தால் மக்கள் வானொலி கேட்ட காலம் அது. 1995ஆம் ஆண்டு ஒக்டோபர் இறுதியில் வலிகாமத்து மக்கள் ஒரே இரவில் இடம்பெயர்ந்தபோது, கையில் எடுக்க முடிந்ததே உடைமையாயிற்று. சுமக்க முடியாத கருவி எத்தகையது என்பதை இம்மண் நூலிற் படித்து அறியவில்லை.

இந்நிலையில், பெருங்கருவியின் குரலைச் சிறு பலகைக்கு மாற்றும் முறையின் பயன் எளிதில் விளங்கும். சிந்தசைசரை ஒலிப்பதிவுக் கருவியோடு கம்பியால் இணைத்து, ஒவ்வொரு கட்டையாக அழுத்தி அதன் ஒலியைப் பதிந்து கொள்வர். 61 கட்டைகளையும் பதிய வேண்டுவதில்லை. மூன்றுக்கு ஒன்றாக 21 கட்டைகள் போதும். இடைப்பட்டவற்றைக் கணினி அயற்கட்டையின் ஒலியிலிருந்து சற்றே உயர்த்தியும் தாழ்த்தியும் ஆக்கிக்கொள்ளும். மிகவும் நீட்டினால் குரல் திரியும் என்பதனாலேயே இடைவெளியைச் சிறிதாக வைப்பர். மென்மையாக, நடுத்தரமாக, வன்மையாக என மும்முறை பதிந்தால் 63 ஒலிமாதிரிகள் ஆகும். ஒவ்வொன்றும் 10 செக்கன் நீளமாயின், செக்கனுக்கு 44,100 எண்களாக இரு செவிக்கும் பதிய, ஏறத்தாழ 110 மெகாபைற் இடமே தேவை. 2010இல் வெளிவந்த ஐபேட் முதலாய பலகைகளுக்கு இஃது ஒரு சுமையன்று. நீண்டு நிற்கும் சுரத்திற்காக, ஒலியின் நடுப்பகுதியைத் தையல் தெரியாதவாறு சுழலவிடுவர். விரல் பட்டதற்கும் ஒலி எழுவதற்கும் இடையே செக்கனில் நூறில் ஒரு பங்குக்கு மேல் தாமதம் நேராமற் பார்ப்பர். அத்தாமதம் மூன்றரை மீற்றர் தள்ளி இருப்பவரின் வாசிப்பைக் கேட்பதற்கு ஒப்பானது. அதனைச் செவி பொறுத்துக்கொள்ளும்.

இங்ஙனம் மாற்றியபின் எஞ்சுவது யாது? குரல் எஞ்சும், குரலை மாற்றும் உரிமை குறையும். சிந்தசைசரின் திருகியைத் திருப்பினால் ஒலி பிறக்கும் இடத்திலேயே மாறும். பதிந்த ஒலியோ ஒரு கணத்தின் நிழற்படம் போன்றது. மேற்பூச்சை மாற்றலாம், முகத்தை மாற்றலாகாது. ஆர்மோனியத்திற்கு நேர்ந்த கமகக் குறையும் இங்கே தொடர்கின்றது. ஆயினும் கண்ணாடிக்குக் கட்டைகள் இல்லை என்பதே ஒரு வாய்ப்பு. 2015இல் வெளிவந்த ஜியோஷ்ரெட் என்னும் செயலியில் விரல் வழுக்கிய வழியே சுரமும் வழுக்கும். மகேஷ் ராகவன் முதலானோர் ஐபேட்டிலே கருநாடக இசையைக் கமகத்துடன் வாசித்துக் காட்டியுள்ளனர். ஆனால் அங்கே ஒலிப்பது பதிந்த ஒலியன்று. நரம்பின் அதிர்வைக் கணக்கிட்டு அவ்வப்போது பிறப்பிக்கும் ஒலி. விபுலாநந்தர் தேடிய கணிதம் வேறொரு வடிவில் இங்கே இசையாகின்றது எனலாம்.

குரலைப் பெட்டிக்குள் வைப்பதனால் ஆட்களும் இடம் இழப்பதுண்டு. நாகசுரத்திற்குச் சுருதி கொடுத்த ஒத்து என்னும் குழலை எண்ணிப் பார்க்கலாம். விரல்துளைகளின்றி ஒரே சுரத்தை ஊதும் அக்கருவியைப் பெரும்பாலும் பயிலும் சிறுவரே ஏந்தினர். இரவு முழுதும் ஆசானின் அருகே நின்று மூச்சை அடக்கி ஊதியவன், இராகம் விரியும் வகையையும் செவிவழியே கற்றான். சுருதிப்பெட்டி வந்தது, பின் மின்சுருதி வந்தது, இன்று தம்புராவின் பதிந்த ஒலி பலகையிலிருந்தே எழுகின்றது. சுருதி பிழைப்பதில்லை. ஆனால் அச்சிறுவன் நின்ற இடம் வெறுமையாயிற்று. அவன் கற்றதை இன்று வேறு வழியிற் கற்பிக்க வேண்டியுள்ளது.

1975இல் மறைந்த தவில் மேதை யாழ்ப்பாணம் தட்சிணாமூர்த்தியின் வாசிப்பு ஒலிப்பதிவுகளாக இன்றும் கேட்கக் கிடைக்கின்றது. அவற்றிலிருந்து தொப்பியின் ஓசையையும் வலந்தலையின் ஓசையையும் தனித்தனியே வெட்டியெடுத்துப் பலகையில் அடுக்கினால், தவிலின் குரல் வந்துவிடும். எந்த அடியை எங்கே நிறுத்துவது, எங்கே விடுவது என்னும் அவரது கணக்கு அதில் வராது. அதனை அறிய முழுப் பதிவையும் இருந்து கேட்க வேண்டும். கேட்டதைக் கையால் பழக வேண்டும். யாழுக்கோ அப்படிக் கேட்பதற்கு ஒரு பதிவேனும் இல்லை. குடாநாட்டில் இன்று தவிலும் நாகசுரமும் வாசிப்போரும், அவற்றைச் செய்வோரும் உயிரோடு இருக்கின்றனர். பதிய வேண்டியதைப் பதிவதற்கும், பழக வேண்டியதைப் பழகுவதற்கும் காலம் இதுவே.