மூன்றாவது தண்டவாளம்

ஓடிக்கொண்டிருக்கும் பொம்மை ரயில் திடீரென்று நின்றுவிட்டால், சுற்றி உட்கார்ந்திருப்பவர்கள் அத்தனை பேரும் ஒரே குரலில், "மோட்டார் போய்விட்டது" என்று தீர்ப்புச் சொல்லிவிடுகிறார்கள். 1988-ஆம் வருஷத் தீபாவளியன்று என் பெரியப்பா சொன்னதும் ஏறக்குறைய அதுதான். "மோட்டாரைப் பொசுக்கிவிட்டான்" என்றார். வேகத்தைக் கூட்டும் குமிழ் அப்போது என் கையில் இருந்தது. எனக்குப் பத்து வயசு.

பெரியப்பா நீராவி எஞ்சின் டிரைவர். அவருக்கு மூத்தவரான ஓர் ஆங்கிலோ இந்திய டிரைவர் 1963-ல் குடும்பத்தோடு ஆஸ்திரேலியாவுக்குக் கப்பல் ஏறியபோது அந்த ரயிலை அவரிடம் கொடுத்துவிட்டுப் போனாராம். ஹார்ன்பி டப்ளோ என்ற இங்கிலீஷ் ரகம். உள்ளங்கையில் வைத்தால் கனக்கும் கறுப்பு எஞ்சின், மூன்று பெட்டிகள், வட்டமாகப் பூட்டும் தகரத் தண்டவாளம். பண்டிகை நாளில்தான் ஓடும். ஆனால் வெள்ளிக்கிழமைதோறும் பெரியப்பா அதை வெளியே எடுத்து, பேனாவுக்கு மை ஊற்றும் குழாயால் இரண்டு சொட்டு எண்ணெய் விட்டு, துடைத்து வைப்பார்.

அந்த ரயிலுக்குத் தண்டவாளம் மூன்று. "எதற்குப் பெரியப்பா மூன்றாவது?" என்று ஒரு தடவை கேட்டேன். "அது கரண்டுக்கு" என்றார். பதில் சரிதான், ஆனால் அதற்குள் அடங்கியிருந்த சரித்திரம் எனக்குத் தெரிய முப்பத்தைந்து வருஷம் பிடித்தது.

மின்சாரத்துக்குப் போக ஒரு வழி, திரும்பி வர ஒரு வழி வேண்டும். இடது தண்டவாளத்தில் அனுப்பி வலது தண்டவாளத்தில் வாங்கிக்கொள்ளலாமே என்று தோன்றும். ஆனால் உலோகச் சக்கரங்களும் நடுவில் உள்ள அச்சும் இரண்டுக்கும் பாலம் போட்டுவிடுகின்றன. மின்சாரம் மோட்டாரைத் திரும்பியும் பார்க்காமல் அந்தக் குறுக்கு வழியில் வீடு திரும்பிவிடும். ஷார்ட் சர்க்யூட் என்பது இதுதான்.

1891-ல் ஜெர்மனியின் மார்க்லின் கம்பெனியார் லைப்சிக் சந்தையில் அளவு வகுத்த ரயில்களைக் காட்டினார்கள். அவை சாவி கொடுத்தால் ஓடுபவை. இந்தத் தொல்லை இல்லை. தொல்லை மின்சாரத்தோடு வந்தது. அமெரிக்காவில் சின்சினாட்டி நகரத்துக் கார்லைல்-ஃபின்ச் கம்பெனி 1890-களின் பிற்பகுதியிலேயே மின்சாரப் பொம்மை ரயில் விற்றது. 1900-ல் நியூயார்க்கில் லயனல் கம்பெனியைத் தொடங்கிய ஜோஷுவா லயனல் கோவன், கடைக் கண்ணாடிக்குள் ஜனங்களைக் கவர்வதற்காக ஒரு வண்டியை ஓடவிட்டார். வந்தவர்கள் கடைச் சாமான்களை விட்டுவிட்டு வண்டியை விலை கேட்டார்கள் என்பது கதை. 1906-ல் அவர் நடுவில் மூன்றாவது தண்டவாளத்தைப் போட்டார். நடுவில் போகிறது, ஓரங்கள் இரண்டிலும் திரும்புகிறது. அச்சு பாலம் போட்டாலும் பாதகமில்லை. ஓரங்கள் இரண்டும் ஒரே கட்சி!

இங்கிலாந்தில் மெக்கானோ புகழ் ஃபிராங்க் ஹார்ன்பி 1925-ல் ஒரு காரியம் செய்தார். அதை நினைத்தால் எனக்கு இன்றும் உடம்பு நடுங்குகிறது. அவருடைய முதல் மின்சார ரயிலான 'மெட்ரோபாலிட்டன்', வீட்டுக் கரண்டிலேயே ஓடியது. நடுவில் ஒரு பல்பைக் கோத்து அதன் வழியாகத் தண்டவாளத்துக்கு மின்சாரம் விட்டார்கள். வண்டி ஓடும்போது பல்பு தன் பங்கை எடுத்துக்கொள்ளும். வண்டியைத் தூக்கிவிட்டால் எடுத்துக்கொள்ள எதுவும் இராது. வீட்டுக் கரண்டின் முழு வேகமும் தண்டவாளத்தில், குழந்தையின் விரலுக்காகக் காத்திருக்கும். நல்ல வேளையாக அந்த ஏற்பாட்டைச் சீக்கிரமே கைவிட்டார்கள். ஹார்ன்பி 1936-ல் காலமானார். 1938-ல் வந்த டப்ளோ, பன்னிரண்டு வோல்ட்டில் சாதுவாக ஓடிற்று. எஞ்சினின் அடியில் ஒரு சின்னத் தகடு நடுத் தண்டவாளத்தை உரசியபடி போகும். அதுதான் மின்சாரம் ஏறும் படிக்கட்டு.

1959-ல் அந்தக் கம்பெனியும் சக்கரத்துக்கும் அச்சுக்கும் நடுவில் மின்சாரம் கடத்தாத பொருளைச் செருகி, இரண்டு தண்டவாளத்துக்கு மாறியது. பிளாஸ்டிக்கில் மலிவாகச் செய்த டிரையாங் ரயில்கள் அதற்கு முன்பே கடைகளை நிரப்பிவிட்டன. 1964-ல் மெக்கானோ கம்பெனியை டிரையாங்கின் சொந்தக்காரர்களே வாங்கிவிட்டார்கள். மார்க்லின்காரர்கள் மாத்திரம் பிடிவாதமாக, 1950-களில் நடுத் தண்டவாளத்தை வெறும் உலோகப் புள்ளிகளாகச் சுருக்கி, இன்றும் அதையே வைத்திருக்கிறார்கள்.

எங்கள் எஞ்சினோ அட்டைப் பெட்டிக்குள் கிடந்தது. பெரியப்பா அதை மறுபடி ஓட்டவில்லை. என் கல்யாணத்தில்கூட, "இவன்தான் என் எஞ்சினைப் பொசுக்கின பயல்" என்று சம்பந்திகளுக்கு அறிமுகம் செய்துவைத்தார். சிரித்துக்கொண்டுதான் சொன்னார். நானும் சிரித்தேன். போன வருஷம் அவர் காலமான பிறகு பெரியம்மா பெட்டியை என்னிடம் தள்ளினாள். "நீ செய்ததுதானே, நீயே பார்" என்றாள்.

எங்கள் தெருக் கோடியில் மோட்டார் வயிண்டிங் கடை வைத்திருப்பவரிடம் கொண்டுபோனேன். அவர் முதலில் தண்டவாளத்தில் ஒரு சின்னப் பல்பை வைத்தார். எரிந்தது. பிறகு எஞ்சினுக்கு நேராகவே கம்பிகளைத் தொட்டார். மெல்ல உறுமியது, சுற்றவில்லை. கார்பன் பிரஷ் இரண்டையும் கழற்றிப் பூதக்கண்ணாடியை என் கையில் கொடுத்தார்.

ஆர்மேச்சரின் தலையில் கம்யூட்டேட்டர் என்ற செம்பு வட்டம் இருக்கிறது. அது மூன்று துண்டு; துண்டுகளுக்கு நடுவில் மயிரிழைச் சந்து. அந்தச் சந்துகள் மூன்றிலும் கறுப்பாக ஒரு பசை அடைத்திருந்தது. கார்பன் தூள் எண்ணெயில் குழைந்து இறுகிய பசை. எந்தக் குறுக்கு வழியைத் தடுக்க மூன்றாவது தண்டவாளம் பிறந்ததோ, அதே குறுக்கு வழி மோட்டாருக்குள்ளேயே அமைந்துவிட்டது.

"யார் சார் இவ்வளவு எண்ணெய் விட்டது?" என்றார் அவர்.

நீராவி எஞ்சினுக்கு எண்ணெய் உயிர். அந்தப் பழக்கம் கையில் ஊறியவர் அன்போடு விட்ட இரண்டிரண்டு சொட்டு, இருபத்தைந்து வருஷ வெள்ளிக்கிழமைகள்.

ஆர்மேச்சரை அவர் வெளியே எடுக்கவில்லை. எடுத்தால் பழைய காந்தம் வலுவிழந்துவிடும் என்றார். மூங்கில் பல்குச்சியைச் சீவி, ஸ்பிரிட்டில் தோய்த்து, சந்துகளைச் சுரண்டினார். மீட்டரை வைத்துப் பார்த்தார். மூன்று சுருளும் ஒரே கணக்குக் காட்டின. "ஒன்றும் பொசுங்கவில்லை சார்" என்றார். அந்த வார்த்தையை அவர் வாயிலிருந்து இரண்டு தடவை கேட்டு வாங்கிக்கொண்டேன்.

அன்று மாலை பெரியம்மாவின் கூடத்தில் வட்டத்தைப் பூட்டினோம். குமிழைத் திருப்பியதும் எஞ்சின் ஒரு குலுக்கலோடு கிளம்பி, நாற்காலிக் கால்களுக்கு நடுவே புகுந்து வந்தது. பெரியம்மா தரையில் உட்கார்ந்து நாலைந்து சுற்றுப் பார்த்தாள்.

"என்ன கோளாறாம்?" என்று கேட்டாள்.

சுவரில் பெரியப்பாவின் படம் இருந்தது.

"தூசி, பெரியம்மா" என்றேன். "வெறும் தூசி."