கோப்பையை யாரும் வாங்காத வருடம்

ஐஸ் ஹாக்கியில் மிகப் பெரிய பரிசு ஸ்டான்லி கோப்பை. கனடாவின் கவர்னர் ஜெனரலாக இருந்த ஸ்டான்லி பிரபு 1892ல் கொடுத்த ஒரு சின்ன வெள்ளிக் கிண்ணம்தான் அது. ஜெயித்த அணிகளின் பெயரைப் பொறித்துப் பொறித்து இடம் போதாமல், அடியில் வளையம் வளையமாகச் சேர்த்து, இப்போது ஏறக்குறைய மூன்றடி உயரம் வளர்ந்து நிற்கிறது.

அந்த வளையங்களில் 1919ம் வருடத்தைத் தேடினால் ஓர் அணிக்குப் பதில் இரண்டு அணிகளின் பெயர் இருக்கும். மான்ட்ரியல் கனேடியன்ஸ், சியாட்டில் மெட்ரோபாலிடன்ஸ். கூடவே "தொடர் முடிவடையவில்லை" என்று ஒரு வரி.

அந்தக் காலத்தில் ஸ்டான்லி கோப்பை ஒரே லீகின் சொத்து அல்ல. கிழக்கே என்.ஹெச்.எல்., மேற்கே பசிபிக் கடற்கரை லீக் என்று இரண்டு தொழில்முறை லீகுகள் இருந்தன. இரண்டின் சாம்பியன்களும் மோதிக்கொள்வார்கள். ஒரு வருடம் கிழக்கில், மறு வருடம் மேற்கில். 1919ல் மேற்கின் முறை. அதனால் மான்ட்ரியல் வீரர்கள் ரயிலேறி கண்டத்தின் மறுகோடியில் இருக்கும் சியாட்டிலுக்கு வந்து சேர்ந்தார்கள்.

இதில் ஒரு வேடிக்கை. இரண்டு லீகுக்கும் விதிகள் வேறு! கிழக்கில் அணிக்கு ஆறு பேர், மேற்கில் ஏழு பேர். யார் விதிப்படி ஆடுவது? ஒரு ஆட்டம் உன் விதி, அடுத்த ஆட்டம் என் விதி என்று மாற்றி மாற்றி ஆடினார்கள்.

அப்போது உலகத்தையே ஆட்டிக்கொண்டிருந்தது 1918ன் இன்ஃப்ளுயன்சா. (ஸ்பானிஷ் ஃப்ளூ என்று பெயர் வாங்கினாலும் அது ஸ்பெயினில் தொடங்கியது என்பதற்கு ஆதாரம் இல்லை. போரில் கலந்துகொள்ளாத ஸ்பெயினின் பத்திரிகைகள் தணிக்கை இல்லாமல் அதைப் பற்றி எழுதின. பாவம், பெயர் ஒட்டிக்கொண்டது.) சியாட்டிலில் 1918 அக்டோபரில் பள்ளிகள், தேவாலயங்கள், தியேட்டர்கள் எல்லாவற்றையும் மூடினார்கள். முகமூடி கட்டாயம் ஆயிற்று. முதல் உலகப் போர் ஓய்ந்த நவம்பரில் தடைகள் விலகின. போரும் போயிற்று, நோயும் போயிற்று என்று ஜனங்கள் மூச்சு விட்டார்கள். ஆனால் 1919ன் தொடக்கத்தில் மூன்றாவது அலை கிளம்பியது. இந்த முறை யாரும் அரங்கை மூடவில்லை. டிக்கெட் வசூலை நம்பித்தான் இரண்டு லீகும் பிழைத்தன என்பதையும் இங்கே நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும்.

மார்ச் 19ந் தேதி முதல் ஆட்டம். மேற்கத்திய விதி. சியாட்டில் 7, மான்ட்ரியல் 0. மார்ச் 22ல் கிழக்கத்திய விதி. மான்ட்ரியல் 4-2 என்று ஜெயித்தது. நான்கு கோலையும் அடித்தவர் ஒரே ஆள், நியூசி லலோண்ட். மார்ச் 24ல் மறுபடி சியாட்டில் 7-2. யார் விதியோ அவர் வெற்றி என்றே போய்க்கொண்டிருந்தது கதை.

நான்காவது ஆட்டம் மார்ச் 26ல் நடந்தது. அன்று சியாட்டில் ஜெயித்திருந்தால் கோப்பை அவர்களுக்கு. முதல் பகுதி முடியும் நொடியில் கல்லி வில்சன் பக்கை வலைக்குள் தள்ளினார். ஆனால் அதற்குள் நேரம் முடிந்துவிட்டது, கோல் இல்லை என்று சொல்லிவிட்டார்கள். முழு நேரமும் ஆடி, கூடுதலாக இருபது நிமிடமும் ஆடி, கடைசியில் 0-0. இன்று போல நிமிடத்துக்கொரு முறை ஆளை மாற்றும் வழக்கமெல்லாம் அப்போது கிடையாது. ஏறக்குறைய ஆரம்பித்தவர்களே முடிக்கவும் வேண்டும். ஆட்டம் முடிந்ததும் வீரர்கள் பனித்தரையிலேயே சுருண்டு விழுந்தார்கள் என்று அந்நாளைய செய்திகள் சொல்கின்றன.

நாலு நாள் கழித்து மார்ச் 30ல் ஐந்தாவது ஆட்டம். சியாட்டில் 3-0 என்று முன்னால் போய்விட்டது. கதை முடிந்தது என்று எல்லோரும் நினைத்தபோது மான்ட்ரியல் மூன்று கோலையும் திருப்பிக் கொடுத்து, கூடுதல் நேரத்தில் ஜாக் மெக்டொனால்ட் அடித்த கோலால் 4-3 என்று ஜெயித்தது. இப்போது ஆளுக்கு இரண்டு வெற்றி, ஒன்று சமன்.

அந்த ஆட்டத்தின் நடுவிலேயே மான்ட்ரியலின் தடுப்பாட்டக்காரர் ஜோ ஹால் முடியாமல் வெளியேறியிருந்தார். இங்கிலாந்தில் பிறந்து கனடாவில் வளர்ந்தவர், வயது 37. முரட்டு ஆட்டத்தால் "பேட் ஜோ" என்று பட்டப்பெயர். அப்படிப்பட்டவர் தானாகவே விலகிப் போகிறார் என்றால் உடம்பு எந்த நிலையில் இருந்திருக்கும் என்று யோசித்துப் பாருங்கள்.

ஏப்ரல் 1ந் தேதி கோப்பை யாருக்கு என்று தீர்மானிக்கும் ஆட்டம். அதற்குள் ஹால், லலோண்ட், மெக்டொனால்ட், கூத்யூர், பெர்லங்கெட் என்று மான்ட்ரியலின் ஐந்து வீரர்களும் மேனேஜர் ஜார்ஜ் கென்னடியும் கடும் காய்ச்சலில் படுத்துவிட்டார்கள். பக்கத்து விக்டோரியா அணியிலிருந்து ஆட்களை இரவல் வாங்கி ஆடலாமா என்று கேட்டார் கென்னடி. மேற்கு லீகின் தலைவர் ஃபிராங்க் பேட்ரிக் முடியாது என்றார். ஆட்டம் தொடங்கச் சில மணி நேரமே இருக்கும்போது அது ரத்தானது.

அப்படியானால் நாங்கள் தோற்றதாக வைத்துக்கொண்டு கோப்பையை நீங்களே எடுத்துக்கொள்ளுங்கள் என்றார் கென்னடி. விதிப்படி அதில் தவறு ஒன்றும் இல்லை. ஆனால் சியாட்டில் பயிற்சியாளர் பீட் மல்டூன் மறுத்துவிட்டார். நோயில் கிடப்பவர்களிடமிருந்து கோப்பையை வாங்க அவருக்கு மனம் வரவில்லை. நான்காவது ஆட்டத்தில் நூலிழையில் கோப்பையைத் தவறவிட்ட அணி அது என்பதை நினைத்தால், இந்த மறுப்பு எவ்வளவு பெரியது என்று புரியும். இந்தத் தொடர் முழுவதிலும் அழகான ஆட்டம் எது என்றால், ஆடாமல் விட்ட இந்த ஆட்டத்தைத்தான் சொல்ல வேண்டும்.

மற்ற வீரர்கள் மெல்லத் தேறினார்கள். ஜோ ஹால் தேறவில்லை. காய்ச்சல் நிமோனியாவாக முற்றி, ஏப்ரல் 5ந் தேதி சியாட்டில் மருத்துவமனையில் இறந்துபோனார். வான்கூவரில் அடக்கம் செய்தார்கள். 1961ல் அவர் பெயர் ஹாக்கி புகழ் மண்டபத்தில் சேர்ந்தது.

பிழைத்து எழுந்த கென்னடியும் பழைய கென்னடியாக இல்லை. ஒரு காலத்தில் மல்யுத்தக்காரர் அவர். அந்தக் காய்ச்சலுக்குப் பிறகு உடம்பு முழுதாகத் தேறவே இல்லை; 1921 அக்டோபரில் இறந்தார். அவர் மனைவி அணியை விற்றார். விலை 11,000 டாலர். பின்னாளில் இருபதுக்கும் மேற்பட்ட முறை ஸ்டான்லி கோப்பையை வென்ற மான்ட்ரியல் கனேடியன்ஸ்தான் அந்த விலைக்குக் கைமாறியது!

சியாட்டில் மெட்ரோபாலிடன்ஸ் 1917லேயே கோப்பையை ஜெயித்த அணி. அமெரிக்க ஊர் ஒன்று அதை வென்றது அதுதான் முதல் தடவை. 1919க்குப் பிறகு அவர்கள் கைக்கு அது மறுபடி வரவே இல்லை. 1924ல் அணி கலைந்தது. ஆடிய அரங்கம் கார் நிறுத்தும் இடமானது. 1919க்கான அந்த வரி கோப்பையில் ஏறியதே 1948ல், கோப்பையைத் திருத்தி அமைத்தபோதுதான். சியாட்டிலுக்கு முதல் என்.ஹெச்.எல். அணி வந்தது 2021ல். அதற்கு முந்தைய வருடம் வேறொரு கொள்ளைநோயில் ஆட்டங்கள் நின்றுபோய், எட்மண்டனில் ரசிகரே இல்லாத அரங்கில் டாம்பா பே அணி கோப்பையைத் தூக்கியிருந்தது.