எழுத்தால் எழுதிய முகம்

நாக்பூரில் 1984 முதல் டைப்ரைட்டர் ரிப்பனும் கார்பன் பேப்பரும் விற்றுப் பிழைத்தவன் நான். தட்டச்சுப் பயிலகங்களில் பிள்ளைகள் எக்ஸ் எழுத்தையே மாற்றி மாற்றி அடித்துப் பிள்ளையார் வரைவார்கள். ரிப்பன் பாழாகிறதே என்று ஆசிரியர் திட்டுவார். எனக்கு அது வியாபாரம்!

அவ்விளையாட்டுக்கு நீண்ட வரலாறு உண்டு என்பது பின்னாளில்தான் தெரிந்தது. 1898-இல் இங்கிலாந்தில் ஃப்ளோரா ஸ்டேசி என்னும் பெண்மணி தட்டச்சுப் பொறியாலேயே வண்ணத்துப்பூச்சி ஒன்றை வரைந்தார். 1963-இல் அமெரிக்காவில் ஆஸ்கி குறியீடு வகுக்கப்பட்டது. மொத்தம் 128 இடம். அச்சில் வருவன, இடைவெளியையும் சேர்த்து 95. அக்காலத்து லைன் பிரிண்டருக்கு எழுத்து அடிக்க மட்டுமே தெரியும். ஆகவே எழுத்தையே படமாக்கினார்கள்.

1966-இல் பெல் ஆய்வகத்தில் லியோன் ஹார்மன், கென் நோல்ட்டன் இருவரும் நடனக் கலைஞர் டெபோரா ஹேயின் புகைப்படத்தைக் கணினி வழியே சின்னஞ்சிறு குறிகளாக மாற்றி, 12 அடி நீளத்துக்கு அச்சிட்டு, மேலதிகாரியின் அறைச் சுவரில் வேடிக்கையாக மாட்டினார்கள். கிட்டே நின்றால் குறிகள். எட்டி நின்றால் பெண்ணுருவம். 1967 அக்டோபரில் நியூயார்க் டைம்ஸ் நாளிதழ் அதை வெளியிட்டது.

இதை நம் சித்திரகவியோடு சேர்த்துப் பேசும் அன்பர்கள் உண்டு. அமிதசாகரரின் யாப்பருங்கலத்திலேயே சக்கரம், சுழிகுளம் போன்ற பெயர்கள் வருகின்றன. ஆயினும் எனக்கு உடன்பாடில்லை. சித்திரகவியில் எழுத்துக்குப் பொருள் உண்டு. இங்கே எழுத்துக்கு உள்ளது எவ்வளவு மை என்ற கணக்கு ஒன்றுதான்.

அந்தக் கணக்கை எனக்குக் கற்பித்தவன் என் பேரன். பள்ளியில் பைத்தான் படிக்கிறான். முதல் வேலையாக இதைத்தான் செய்து பார்த்தான். படத்தை 80 கட்டம் அகலத்துக்குச் சுருக்க வேண்டும். வண்ணப்படமானால் சிவப்புக்கு 0.299, பச்சைக்கு 0.587, நீலத்துக்கு 0.114 என்று எடை போட்டுக் கூட்டினால், 0 முதல் 255 வரை ஒரு வெளிச்ச எண் கிடைக்கும். அதைப் பத்துப் படியாகப் பிரித்து, வெளிச்சத்துக்கு இடைவெளி, அடுத்துப் புள்ளி, பிறகு கூட்டல் குறி, நட்சத்திரம் என்று ஏற்றி, கும்மிருட்டுக்கு 'அட்' குறி. நிரல் முப்பது வரி கூட இல்லை.

சோதிக்க நான் கொடுத்தது என் தகப்பனாரின் ஒரே புகைப்படம். வந்தவாசியில் எடுத்த பாஸ்போர்ட் அளவுப் படம். வலது கன்னத்தைக் கரையான் அரித்துவிட்டது. முதல் தடவை முகம் சுரைக்காய்போல நீண்டுவிட்டது. "எழுத்தோட கட்டம் அகலத்தைவிட உயரம் ஏறக்குறைய ரெண்டு மடங்கு, தாத்தா. வரிசையைப் பாதியாக்கணும்" என்று திருத்தினான்.

தமிழ் எழுத்தில் செய்யேன்டா என்றேன். செய்தான். டகரம் ஒல்லி, ணகரம் அகலம். வரிகள் கோணி முகமே கலைந்து போயிற்று. எல்லா எழுத்தும் ஒரே அகலமுள்ள எழுத்துரு வேண்டுமாம். எனக்கு வருத்தம்தான்.

கன்னத்தில் கரையான் தின்ற இடம் வெறும் இடைவெளியாக வந்தது. "நிரப்பிடட்டுமா?" என்றான். வேண்டாம் என்றேன்.

தாளைக் கடைச் சுவரில் ஒட்டி வைத்திருந்தேன். ஊரிலிருந்து வந்த அக்கா, எண்பதைத் தாண்டியவள், வாசற்படியிலேயே நின்று, "அப்பாவாடா?" என்றாள். கிட்டே வந்து கண்ணாடி போட்டுக்கொண்டு பார்த்தவள், "இங்க ஒண்ணுமே இல்லையேடா, புள்ளியா இருக்கு" என்று மறுபடி வாசலுக்கே போனாள்.