மேலூர்ச் சமவெளியில் ஜன்னலின் விலை

மதுரையிலிருந்து திருச்சி செல்லும் நெடுஞ்சாலையில் ஏறத்தாழ 30 கிலோமீட்டர் தொலைவில் உள்ள மேலூரையும் அதைச் சூழ்ந்த ஊர்களையும் பற்றிய எழுத்துகள் கண்மாய்களையும் குன்றுகளையும் வெள்ளலூர் நாடு போன்ற நாட்டமைப்புகளையும் விரிவாகப் பேசுகின்றன; சாதாரணக் குடும்பம் ஒன்று தன் வீட்டுச் சுவரில் ஒரு ஜன்னலை வைக்க என்ன பாடுபட்டது என்பதை அவை பேசுவது அரிது. ஆயினும் அந்தச் சிறிய செலவின் வழியே இப்பகுதியின் மண், நீர்ப்பாசனம், கடல் கடந்த வணிகம், அரசின் வீட்டு வசதித் திட்டங்கள் ஆகிய அனைத்தையும் தொடர்ந்து பார்க்க முடியும். ஒரே கையிலிருந்து வந்த ஒரே தொகையைக் கொண்டு இங்கே ஜன்னல் வைத்த குடும்பங்கள் சிலவே. பழைய மரம், உள்ளூர்க் கல், உறவினரின் மொய்ப்பணம், அரசு மானியம், குறைந்த விலைச் சிமெண்ட் என்று பலவற்றைச் சேர்த்துத்தான் பெரும்பாலான வீடுகளில் வெளிச்சத்துக்கு வழி கிடைத்தது. சேர்த்தவை போதாதபோது முதலில் கைவிடப்பட்டதும் ஜன்னலே.

காற்றுக்கென்று சுவரில் திறப்பு வைக்கும் வழக்கம் மதுரைக்குப் புதிதன்று. பாண்டியன் நெடுஞ்செழியனைப் பாடியதாகக் கொள்ளப்படும் நெடுநல்வாடை, வேனிற்காலத்தில் தென்றலை உள்ளே விடும் திறப்புகளின் இரட்டைக் கதவுகள் கூதிர்க்காலத்தில் தாழிடப்பட்டுக் கிடந்ததைக் காட்டுகிறது. ஆனால் அது மாளிகையின் செய்தி. சமவெளியின் மண்சுவர் வீடுகளில் நிலைமை வேறு. மண்சுவரில் அகலமான திறப்பை வெட்டினால் அதற்கு மேலுள்ள சுவரைத் தாங்க உத்தரம் வேண்டும். நல்ல மரம் கிடைக்காத இடத்தில் அந்த உத்தரமே பெருஞ்செலவு. பனங்கைகளின் மேல் ஓலையோ கீற்றோ வேய்ந்த கூரை தாழ்வாக இறங்கி வந்து சுவரை மழையிலிருந்து காத்ததால், சுவரின் மேற்பகுதி எப்போதும் நிழலிலேயே இருந்தது. இவற்றோடு அச்சமும் சேர்ந்துகொண்டது. ஆண்டு முழுவதற்குமான நெல் குலுக்கையில், அதாவது மண்ணால் வனைந்த உயரமான தானியக் கொள்கலனில், வீட்டுக்குள்ளேயே இருந்தது. கன்னம் வைத்துத் திருடுவது, அதாவது சுவரைத் துளைத்து நுழைவது, பரவலாக அறியப்பட்டிருந்த ஒரு நாட்டில், காவல் கூலி கொடுத்து ஊரைக் காத்துக்கொண்ட மக்கள் தாமாகவே சுவரில் ஒரு வழியைத் திறந்துவைக்க விரும்பியிருக்க மாட்டார்கள். எனவே விளக்குக்கு ஒரு மாடக்குழியும், புகை போக மேலே கையகல ஓட்டையும், வெளிச்சத்துக்கு வாசலுமே போதுமெனக் கொள்ளப்பட்டன. வசதியுள்ள வீடுகளில் முற்றமே ஜன்னலின் வேலையைச் செய்தது.

இந்த நிலையை முதலில் அசைத்தது தண்ணீர். மேற்குத் தொடர்ச்சி மலையில் பெரியாற்றைத் தடுத்து அதன் நீரைச் சுரங்கம் வழியே கிழக்கே வைகைக்குத் திருப்பும் திட்டம் 1895இல் நிறைவேறியது. பெரியாறு பிரதானக் கால்வாய் மேலூர் வட்டத்துக் கண்மாய்களை நிரப்பத் தொடங்கியபின், வானம் பார்த்த நிலங்களில் ஒரு பகுதி நெல் வயலாயிற்று. நெல்லோடு கையிருப்பும் வந்தது. கையிருப்போடு ஓட்டு வீடு வந்தது. 1865இல் மங்களூரில் பாசல் மிஷன் தொடங்கிய தொழிற்சாலையிலிருந்து பரவிய தட்டை ஓடு, இப்பக்கத்தில் சீமை ஓடு எனப்பட்டது. நாட்டு ஓடாயினும் சீமை ஓடாயினும் அதன் எடையைத் தாங்கச் செங்கற்சுவர் தேவைப்பட்டது. செங்கற்சுவர் எழுந்ததும் திறப்பு வைப்பது எளிதாயிற்று. மேலூரைச் சுற்றிய கருங்கற்குன்றுகள் உத்தரக் கல்லுக்குக் குறை வைக்கவில்லை. ஆசாரிகள் வேப்பமரத்தை இழைத்து நிலையும் கதவும் செய்தார்கள். வேம்பைக் கறையான் எளிதில் அரிக்காது, மரமும் பெரும்பாலும் சொந்த வயல் வரப்பிலேயே நின்றது. கூலி மட்டுமே செலவு. இந்தத் தலைமுறை வீடுகளின் ஜன்னல் சிறியது, நெடுக்குக் கம்பிகள் கொண்டது, இரண்டு பலகைக் கதவுகள் உடையது.

தேக்கு ஜன்னலின் கதை மேலூருக்குக் கிழக்கே, காரைக்குடிப் பக்கத்தில் தொடங்குகிறது. பர்மாவில் வட்டித் தொழிலும் நெல் வணிகமும் செய்த நாட்டுக்கோட்டை நகரத்தார், பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியிலிருந்து அந்நாட்டுத் தேக்கைக் கப்பலில் கொண்டுவந்து தம் ஊர்களில் பெரிய வீடுகளை எழுப்பினார்கள். அவற்றின் ஜன்னல்கள் மேலே ஓர் இணையும் கீழே ஓர் இணையுமாக நான்கு கதவுகள் கொண்டவை. கீழ்க் கதவுகளை மூடி வீட்டின் மறைவைக் காத்துக்கொண்டே மேற்கதவுகளைத் திறந்து காற்றைப் பெறலாம். இந்த அமைப்பைவிட இச்சமவெளியின் வெப்பத்துக்கும் வாழ்க்கை முறைக்கும் பொருந்திய ஜன்னல் பின்னர் வரவில்லை என்றே சொல்லலாம். 1942இல் சப்பானியப் படைகள் பர்மாவைக் கைப்பற்றியதும், விடுதலைக்குப்பின் அந்நாடு நிலங்களையும் 1960களில் வணிக நிறுவனங்களையும் நாட்டுடைமையாக்கியதும் அந்தச் செல்வத்தின் வேரை அறுத்தன. பல பங்காளிகளுக்கு உரிமையுள்ள வீடுகளைப் பழுதுபார்க்க இயலாமல் போனபோது சில விற்கப்பட்டு இடிக்கப்பட்டன. தூண்கள், கதவுகள், ஜன்னல்கள், கண்ணாடிகள் தனித்தனியே பிரிந்து காரைக்குடியின் முனீசுவரன் கோயில் தெருக் கடைகளுக்கும் மதுரையின் பழைய மரக்கடைகளுக்கும் வந்து சேர்ந்தன.

நுண்ணிய செதுக்கு வேலை உள்ளவை நகரங்களின் விடுதிகளுக்கும் வெளிநாடுகளுக்கும் போயின. வேலைப்பாடு இல்லாத நிலைகளும் சட்டங்களும் அக்கம்பக்கத்தில் வீடு கட்டுவோருக்குக் கிடைத்தன. இப்பகுதியில் ஜன்னல் செலவைக் குறைத்த வழிகளில் மிக நுட்பமானது இதுவே. அதை வறுமையின் ஈடுகட்டல் என்று மட்டும் எண்ணுவது தவறு. பல பத்தாண்டுகள் காய்ந்து இறுகிய தேக்கு, புதிதாக அறுத்த மரத்தைப்போல வளைவதில்லை, வெடிப்பதில்லை. வாங்குபவர் ஒரே வீட்டிலிருந்து பெயர்த்த கதவு ஜன்னல்களை மொத்தமாக விலை பேசுவார். நிலையை அப்படியே வைத்துக்கொண்டு, உளுத்த கதவை மட்டும் விட்டுவிட்டு, அதற்கு வேம்பிலோ வாகையிலோ புதுக்கதவு போடச் சொல்வார். கம்பிகளைக் கிலோ கணக்கில் தனியே வாங்குவார். கீலையும் கொண்டியையும் பழைய இரும்பிலிருந்தே பொறுக்கிக்கொள்வார். ஆசாரி பழைய வண்ணத்தைச் சுரண்டி, மேற்பரப்பைச் சற்று இழைத்தால் உள்ளிருந்து புதுமரம் வெளிப்படும். ஆடி மாதத்தில் நிலை வைப்பதையும் புதுமனை புகுவதையும் மக்கள் தவிர்ப்பதால், மரத்தை முன்கூட்டியே தேடி வைத்துவிட்டுத் தைக்குக் காத்திருந்த குடும்பங்கள் அவசரத்தின் விலையைக் கொடுக்க வேண்டியிருக்கவில்லை. பால் காய்ச்சும் நாளில் எழுதப்படும் மொய், அதாவது திருப்பிச் செய்யவேண்டிய கடமையோடு உறவினர் அளிக்கும் பணம், ஆசாரிக்கும் கொத்தனாருக்கும் நின்றிருந்த பாக்கியைத் தீர்த்தது.

அரசு இந்தக் கணக்குக்குள் நுழைந்த விதம் பிற நாடுகளிலிருந்து வேறுபட்டது. இங்கிலாந்தில் 1696 முதல் 1851 வரை வீட்டு ஜன்னல்களை எண்ணி வரி தண்டினார்கள். வரிக்கு அஞ்சி மக்கள் ஜன்னல்களைச் செங்கல் வைத்து அடைத்தார்கள். அமெரிக்காவில் அண்மைக் காலத்தில் நேர்மாறாக, வெப்பம் கசியாத ஜன்னலை மாற்றிப் பொருத்துவோருக்கு அதன் விலையில் 30 சதவீதம், ஆண்டுக்கு 600 டாலர் வரை வருமானவரியில் கழிவு தரப்பட்டது; 2025 முடியும்வரை நீடித்த அந்தக் கழிவோடு மின் நிறுவனத்தின் ஊக்கத்தொகையையும் கடைக்காரரின் தள்ளுபடியையும் சேர்த்துப் பெறுவது அங்கே வழக்கமான வீட்டுச் சிக்கனமாக இருந்தது. தமிழ்நாட்டில் ஜன்னலுக்கென்று தனி வரியும் இருந்ததில்லை, தனிக் கழிவும் வந்ததில்லை. வீடு என்ற பெருந்தலைப்பின் கீழ்ப் பல மானியங்கள் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கப்பட்டன. ஜன்னல் அந்த அடுக்குக்குள் எங்கோ ஒளிந்திருந்தது.

1985-86இல் வேலைவாய்ப்புத் திட்டமொன்றின் பகுதியாகப் பிறந்து, 1996 சனவரி முதல் தனித்திட்டமான இந்திரா நினைவுக் குடியிருப்புத் திட்டமே இந்த அடுக்குக்கு அடித்தளம். 2013இல் அதன் அலகுத் தொகை, அதாவது ஒரு வீட்டுக்கு அளிக்கப்படும் உதவி, 70,000 ரூபாய்; கான்கிரீட் கூரைக்கென மாநில அரசு மேலும் 50,000 ரூபாய் சேர்த்தது. 2010இல் தொடங்கிய கலைஞர் வீடு வழங்கும் திட்டம் 75,000 ரூபாயும், 2011-12இல் தொடங்கிய முதலமைச்சரின் சூரிய மின்சக்தி பசுமை வீடுகள் திட்டம் 300 சதுர அடி வீட்டுக்கு முதலில் 1.80 லட்சம் ரூபாயும் அளித்தன. பசுமை வீட்டுத் தொகையில் 30,000 ரூபாய் சூரிய விளக்குகளுக்கு ஒதுக்கப்பட்டது. இரவுக்கு வெளிச்சம் தர இவ்வளவு தெளிவாகத் தொகை பிரித்த திட்டம், பகல் வெளிச்சத்தைப் பயனாளியின் கைப்பொறுப்பில் விட்டது வருந்தத்தக்க முரண். எனினும் சிமெண்ட், இரும்புக் கம்பி, கதவு, ஜன்னல் ஆகியவற்றை மாவட்ட ஊரக வளர்ச்சி முகமை மொத்தமாகக் கொள்முதல் செய்து ஒன்றியக் கிடங்கு வழியே கொடுத்து, அவற்றின் விலையை உதவித்தொகையில் கழித்துக்கொண்டதால், தனியாக ஒரு வீட்டுக்காரர் கடையில் பெறமுடியாத விலைக்குறைப்பு கிடைத்தது.

2015 சனவரியில் தொடங்கிய அம்மா சிமெண்ட் திட்டம் இன்னொரு அடுக்கைச் சேர்த்தது. சந்தையில் 300 ரூபாயைத் தாண்டியிருந்த மூட்டை 190 ரூபாய்க்கு விற்கப்பட்டது; 100 சதுர அடிக்கு 50 மூட்டை வீதம், 1,500 சதுர அடி வரையிலான வீடுகளுக்கு அது கிடைத்தது. 2016இல் இந்திரா நினைவுக் குடியிருப்புத் திட்டத்தின் இடத்தைப் பிரதமரின் ஊரக வீட்டு வசதித் திட்டம் பிடித்தபோது, சேர்த்துப் பெறுதல் அரசின் சொந்த விதியாகவே மாறியது. சமவெளிப் பகுதிக்கு 1.20 லட்சம் ரூபாய் அடிப்படை உதவி, அதை மத்திய மாநில அரசுகள் 60க்கு 40 என்ற விகிதத்தில் பகிர்ந்தன. கூரைக்கென மாநிலம் தனியே அளித்த தொகை பின்னர் 1.20 லட்சமாக உயர்ந்தது. நூறு நாள் வேலைத் திட்டத்திலிருந்து 90 நாள் கூலி, தூய்மை இந்தியா இயக்கத்திலிருந்து கழிப்பறைக்கு 12,000 ரூபாய் ஆகியவையும் ஒரே வீட்டில் வந்து கூடின. ஒரு பயனாளி இவை ஒவ்வொன்றுக்கும் உரிய பதிவைத் தவறவிடாமல் செய்தால்தான் முழுப் பயன் கிட்டியது. வேலை அட்டையில் ஆள்நாட்கள் ஏறாவிட்டால் அந்தக் கூலி போயிற்று. பழைய மரக்கடையில் தேவைப்பட்ட அதே கூர்மை இப்போது ஒன்றிய அலுவலகத்தில் தேவைப்பட்டது.

பணம் கட்டம் கட்டமாகவே விடுவிக்கப்படுகிறது: அடித்தளம், லிண்டல் மட்டம், கூரை, நிறைவு. லிண்டல் என்பது கதவு, ஜன்னல் திறப்புகளின் மேலே ஓடும் கான்கிரீட் விட்டம். அந்த மட்டம் வரும்போது திறப்பு எத்தனை, எவ்வளவு அகலம் என்பது முடிவாகிவிடுகிறது. அதற்குமுன் கையில் இருப்பதோ முதற்கட்டத் தொகையும் கடனும் மட்டுமே. ஆகவே கூரைக்குப் பணம் மிஞ்சவேண்டும் என்ற கவலையில் குடும்பம் திறப்புகளைக் குறைக்கிறது. விட்ட திறப்புக்குக் கதவு போடுவதோ கடைசிக் கட்டத்துக்குத் தள்ளப்படுகிறது. குடி புகுந்த புதுவீட்டின் ஜன்னல் இடத்தில் சிமெண்ட் சாக்கு தொங்குவதும், ஒரு திறப்பைச் செங்கலால் அடைத்திருப்பதும், கதவுள்ள ஜன்னலுக்கு மாற்றாகச் சிமெண்ட் ஜாலி, அதாவது துளையிட்டு வார்த்த கட்டி, பதித்திருப்பதும் இதன் விளைவுகள். ஜாலி மலிவானது, காற்றையும் ஓரளவு விடும். ஆனால் சாரலை அது தடுக்காது, கொசுவையும் தடுக்காது.

கணக்கிட்டுப் பார்த்தால் குறை தெளிவாகும். தேசியக் கட்டிட விதித்தொகுப்பு, வெப்பமும் ஈரமும் மிகுந்த பகுதிகளில் அறையின் தரைப்பரப்பில் ஆறில் ஒரு பங்கும், வறண்ட வெப்பப் பகுதிகளில் பத்தில் ஒரு பங்கும் ஜன்னல் பரப்பாக இருக்கவேண்டும் என்கிறது. மத்திய அரசு 2018இல் வெளியிட்ட எக்கோ நிவாஸ் சம்ஹிதா என்ற குடியிருப்பு ஆற்றல் விதியும் வெப்ப ஈரப் பகுதிக்குத் திறக்கக்கூடிய பரப்பு 16.66 சதவீதம் என்று அதே அளவைச் சொல்கிறது. அது வெளியே திறக்கும் கதவுகளையும் கணக்கில் சேர்க்கிறது. ஆறில் ஒரு பங்கு என்ற விதியின்படி, பிரதமரின் திட்டத்தில் கட்டப்படும் 269 சதுர அடி வீட்டுக்கு ஏறத்தாழ 45 சதுர அடி ஜன்னல் வேண்டும். மூன்றடிக்கு நான்கடி ஜன்னல் ஒன்று 12 சதுர அடி. ஆக ஏறக்குறைய நான்கு ஜன்னல்கள். விறகடுப்புப் புகையும் கத்திரி வெயிலில் சூடேறிய கான்கிரீட் கூரையும் உள்ள அறைக்கு அந்த நான்கும் ஆடம்பரம் ஆகா. ஓலைக் கூரையின் கீழ் ஜன்னலின்றி வாழ முடிந்தது. கான்கிரீட்டின் கீழ் அது துன்பம்.

2024-25இல் தொடங்கிய கலைஞரின் கனவு இல்லம் திட்டம் 360 சதுர அடி வீட்டுக்கு 3.50 லட்சம் ரூபாய் வரை அளிக்கிறது. அதில் 300 சதுர அடி கான்கிரீட் கூரை. எஞ்சிய 60 சதுர அடிக்கு வேறு கூரையைப் பயனாளியே தேர்ந்துகொள்ளலாம். 2025 செப்டம்பர் 22 முதல் சிமெண்ட் மீதான சரக்கு மற்றும் சேவை வரி 28 சதவீதத்திலிருந்து 18 ஆகக் குறைந்தது. இரும்பு, அலுமினிய ஜன்னல்கள் மீதான 18 சதவீதம் குறையவில்லை. கூரைக்குத் தனித்தொகை, கழிப்பறைக்குத் தனித்தொகை, சூரிய விளக்குக்குத் தனித்தொகை என்று பிரித்தளிக்க அறிந்த நிருவாகம், லிண்டல் கட்டத் தொகைக்கு முன்பே நான்கு ஜன்னல்களுக்கான நிலையையும் கதவையும் கிடங்கிலிருந்து பொருளாகவே கொடுத்துவிட்டால், திறப்பைக் குறைக்கும் நெருக்கடி அந்தக் குடும்பத்துக்கு நேராது. மொத்தக் கொள்முதலும் விலைக் கழிப்பும் பசுமை வீடுகள் காலத்திலேயே பழகிய நடைமுறைகள்தாம்.