கையின் அறிவு யாருக்குச் சொந்தம்?



லேத்தில் நிற்பவருக்கு அலாய் ஸ்டீலின் குணம் தெரியும். குரோமியமும் நிக்கலும் கலந்த எஃகு எளிதில் வெட்டுப்படாது. வெட்டும் இடத்தில் சூடு ஏறும், முனை மழுங்கும். கார்பன் எஃகு டூல் சுமார் 250 டிகிரி செல்சியஸிலேயே கடினத்தை இழக்கத் தொடங்கிவிடும். இந்தச் சூட்டை வெல்ல நடந்த முயற்சிகளின் வரலாற்றுக்குள், உழைப்பாளியின் அறிவு கைமாறிய வரலாறும் இருக்கிறது.

அதன் ஒரு வேர் நம் மண்ணில் இருக்கிறது. 1790களில் ஊட்ஸ் எஃகுத் துண்டுகள் இந்தியாவிலிருந்து லண்டன் ராயல் சொசைட்டிக்குப் போயின. கொல்லரின் மகனான மைக்கேல் ஃபாரடே அந்த எஃகை ஆராய்ந்தார். கத்தி செய்பவரான ஜேம்ஸ் ஸ்டோடார்ட்டுடன் சேர்ந்து 1820இல் எஃகுக் கலவைகள் பற்றி எழுதினார். ஃபாரடேயின் பெயர் நமக்குத் தெரியும். ஊட்ஸை உருக்கிய உலைக்காரர்களின் பெயர்கள் தெரியாது.

1868இல் இங்கிலாந்தில் ராபர்ட் மஷெட் டங்ஸ்டன் கலந்த டூல் எஃகைக் கண்டார். தண்ணீரில் தோய்க்காமல் காற்றிலேயே இறுகும் எஃகு அது. 1898 வாக்கில் அமெரிக்காவின் பெத்லகேம் எஃகாலையில் ஃபிரெடரிக் டெய்லரும் மான்செல் ஒயிட்டும் அத்தகைய எஃகை உருகுநிலைக்கு அருகே காய்ச்சிப் பதப்படுத்தினார்கள். 1900 பாரிஸ் கண்காட்சியில் அந்த டூலின் முனை செக்கச்சிவந்த நிலையிலும் எஃகை வெட்டியது. சுருள்கள் நீலமாக விழுந்தன. ஹை ஸ்பீட் ஸ்டீல் பிறந்தது.

டெய்லர் வசதியான வீட்டுப் பிள்ளை. பட்டறையில் தொழில் பழகி, லேத்தும் ஓட்டியவர். 1880இல் தொடங்கி 26 ஆண்டுகள் சோதனை செய்தார். சுமார் 8 லட்சம் பவுண்டு இரும்பும் எஃகும் சுருளாயின. எந்த வேகம், எவ்வளவு ஆழம், எவ்வளவு ஃபீட் என்பதை அதுவரை டர்னர்தான் கண்ணாலும் காதாலும் முடிவு செய்தார். இனி அலுவலறை முடிவு செய்யும். தொழிலாளி அட்டையில் எழுதியபடி ஓட்டினால் போதும். தொழிலாளரிடம் உள்ள அறிவை நிர்வாகம் திரட்டி விதிகளாக்க வேண்டும் என்று 1911இல் டெய்லர் வெளிப்படையாகவே எழுதினார். அதே ஆண்டு வாட்டர்டவுன் ஆயுதச்சாலையில் ஸ்டாப் வாட்ச் நுழைந்ததும் வார்ப்புத் தொழிலாளர்கள் வேலைநிறுத்தம் செய்தார்கள்.

அந்த எஃகு பெரிய சாதனை. அதை மறுக்க வேண்டியதில்லை. கணக்கும் நமக்குப் பகையில்லை. கணக்கு யார் கையில் இருக்கிறது என்பதே கேள்வி. அங்கே மூளைக்கும் கைக்கும் நடுவே ஆலைச் சுவர் எழுந்தது. இங்கே பிறப்பே சுவர். சாதி வேலையை மட்டும் பிரிக்கவில்லை, வேலை செய்பவர்களையே பிரிக்கிறது என்று 1936இல் அம்பேத்கர் காட்டியது இதைத்தான்.

ஐடிஐ படிக்கும் தம்பி, தங்கைகளே! சிஎன்சி இயந்திரத்தில் பட்டனை அழுத்துவதோடு நிற்காதீர்கள். வெட்டு வேகத்தை நீங்களே கணக்கிடுங்கள். புரோகிராமை நீங்களே எழுதுங்கள். பட்டப்படிப்பு படிப்பவர்களே! உங்கள் அப்பா, அம்மாவின் கைக்குத் தெரிந்ததைக் கேட்டு எழுதி வையுங்கள். அவர்கள் பெயரோடு எழுதி வையுங்கள்.