பாட்லாட்ச் வழக்கும் பண்பாட்டுச் சார்பியத்தின் எல்லைகளும்

கனடிய நாடாளுமன்றம் 1884இல் இந்தியர் சட்டத்தைத் திருத்தி, பசிபிக் கரையோரப் பழங்குடிகளின் பாட்லாட்ச் விழாவைக் குற்றமாக்கியது. 1885 ஜனவரி 1 முதல் அதை நடத்துபவருக்கும் அதற்குத் துணைபோகிறவருக்கும் இரண்டு மாதத்திலிருந்து ஆறு மாதம் வரை சிறை. ஆண்டுக்கணக்கில் சேர்த்த கம்பளிப் போர்வைகளையும் மீன் நெய்யையும் படகுகளையும் ஒரு தலைவன் விருந்தினருக்கு வாரிக் கொடுத்துவிட்டு வெறுங்கையோடு நிற்பதை மிஷனரிகளும் அரசு முகவர்களும் கண்டிருந்தார்கள். சேர்த்துவைக்கத் தெரியாத கூட்டம் நாகரிகம் அடையாது என்பது அவர்களது முடிவு.

அந்தந்தப் பண்பாட்டை அதனதன் அளவுகோலால் அறிய வேண்டும் என்று ஒரே வரியில் பண்பாட்டுச் சார்பியத்தைப் பாடநூல்கள் சொல்லிவிடுகின்றன. பாட்லாட்ச் தடையின் வரலாற்றைப் பின்தொடர்ந்தால், அந்த ஒரு வரி எங்கே உதவுகிறது, எங்கே கைவிடுகிறது என்பது தெரியும். சார்பியம் தீர்ப்பு அல்ல, விசாரணை முறை என்பதும், ஒரு பண்பாட்டுக்கு ஒரே குரல்தான் உண்டு என்று எண்ணும் இடத்தில் அந்த விசாரணை தடம் புரள்கிறது என்பதும் இக்கட்டுரையின் வாதம்.

இந்தச் சிந்தனைமரபின் மூலவர் பிரான்ஸ் போவாஸ். கடல்நீரின் நிறத்தை ஆராய்ந்து 1881இல் கீல் பல்கலைக்கழகத்தில் முனைவர் பட்டம் பெற்ற ஜெர்மானியர். 1886இல் பிரிட்டிஷ் கொலம்பியாவுக்கு வந்து, பின்னர் வான்கூவர் தீவின் வடபகுதியில் வாழும் குவாக்குவாக்கவாக்கு மக்களைப் பற்றிப் பல்லாண்டுகள் எழுதினார். 1887இல் ஸ்மித்சோனியன் நிறுவனத்தின் ஓடிஸ் மேசனோடு அவர் நடத்திய விவாதம் மேலோட்டமாகப் பார்த்தால் அருங்காட்சியக அலமாரிகளைப் பற்றியது. உலகின் கிலுகிலுப்பைகளை எல்லாம் ஓரிடத்தில், எளியதிலிருந்து சிக்கலானதுவரை வரிசையாக வைத்தார் மேசன். ஒரு பொருளின் அர்த்தத்தை அதைப் புழங்கிய மக்களிடமிருந்து பிரித்து அறிய முடியாது, ஒரே தோற்றமுடைய பொருள்கள் வேறு வேறு காரணங்களால் உண்டாகியிருக்கலாம் என்றார் போவாஸ். பிற்காலத்தில் சார்பியம் என்று பெயர்பெற்ற கொள்கையின் விதை இந்தச் சச்சரவில்தான் இருக்கிறது.

தடைச்சட்டம் நெடுநாள் ஏட்டளவில்தான் இருந்தது. பாட்லாட்ச் எது என்றே சட்டம் வரையறுக்கவில்லை என்று தொடக்கத்தில் நீதிபதி ஒருவரே குறைகண்டார். 1895இல் அந்த ஓட்டை அடைக்கப்பட்டது. 1918இல் அரசு முகவரே வழக்கை விசாரித்துத் தண்டிக்கவும் வழி பிறந்தது. 1921 டிசம்பரில் வில்லேஜ் தீவில் டேன் கிரான்மர் நடத்திய பெரிய பாட்லாட்ச்சுக்குப்பின் 45 பேர் மீது வழக்குப் பதிந்தார் முகவர் வில்லியம் ஹாலிடே. உரை நிகழ்த்தியது, ஆடியது, பரிசுப்பொருளைச் சுமந்து கொடுத்தது ஆகியவையே குற்றங்கள். ஊரார் முகமூடிகளையும் செப்புத் தகடுகளையும் ஒப்படைத்தால் தண்டனை நிறுத்திவைக்கப்படும் என்று பேரம் பேசப்பட்டது. இணங்காதவர்கள் ஓகல்லா சிறைக்குப் போனார்கள். பறித்த பொருள்கள் ஒட்டாவாவுக்கும் டொராண்டோவுக்கும் சென்றன; ஒரு பகுதி நியூயார்க் சேகரிப்பாளர் ஜார்ஜ் ஹேயிக்கு விற்கப்பட்டது. வீண் என்று தடுத்ததையே விலைமதிப்புள்ளது என்று சேகரித்த முரண் யாரையும் உறுத்தியதாகத் தெரியவில்லை. 1951இல் சட்டம் புதுப்பிக்கப்பட்டபோது தடைப்பிரிவு விடுபட்டது. சேகரிப்பின் பெரும்பகுதி திரும்பி வந்து, அலர்ட் பேயில் 1980இல் உமிஸ்தா பண்பாட்டு மையம் திறக்கப்பட்டது. அங்கே முகமூடிகள் கண்ணாடிப் பெட்டிக்குள் இல்லாமல், விழாவில் அரங்கேறும் ஒழுங்கில் வைக்கப்பட்டன. மேசனுக்கு எதிரான போவாஸின் வாதத்தை அந்த மக்களே நிறைவேற்றினார்கள் எனலாம்.

போவாஸ் தடையை எதிர்த்தார். தலைவர்கள் கேட்டுக்கொண்டதன்பேரில் 1897இல் பத்திரிகை ஒன்றுக்கு எழுதவும் செய்தார். கொடுப்பதெல்லாம் கடன், அது வட்டியோடு திரும்பும், தடைவிதிப்பது பிள்ளைகளுக்குச் சேர்த்த முதலை அழிப்பதற்குச் சமம் என்பது அவரது வாதத்தின் சாரம். அரசியல் தந்திரமாக இதைக் குறைசொல்ல முடியாது. ஆனால் இதன் தர்க்கத்தைக் கவனிக்க வேண்டும். பாட்லாட்ச் குற்றமற்றது, ஏனெனில் அது நம் வங்கியைப் போன்றது என்கிறது இது. அதிகாரியின் அளவுகோலை மாற்றாமல், அதே கோலால் வேறு அளவு காட்டுகிறது. ஒரே தோற்றத்துக்குப் பின்னே வேறு காரணங்கள் இருக்கலாம் என்று மேசனிடம் வாதிட்டவர், தானே அதை மறந்துவிட்டார். பின்வந்த ஆய்வாளர்கள், குறிப்பாக ஹோமர் பார்னெட்டும் பிலிப் டிரக்கரும் ராபர்ட் ஹைசரும், வட்டிக்கடனையும் விழாக்கொடையையும் பிரித்துக் காட்டினார்கள். ஒருவர் ஒரு பெயரையோ குலச்சின்னத்தையோ ஆடலுரிமையையோ தனதென்று அறிவிக்கிறார். விருந்தினர் அதற்குச் சாட்சி. சாட்சிக்குரிய மரியாதையே கொடை. எழுத்துப் பதிவேடு இல்லாத சமூகத்தில் உரிமை நிலைபெற்றது இப்படித்தான்.

இதைப் படிக்கும் தமிழ் வாசகர் ‘இது நம்ம மொய்தானே’ என்பார். போவாஸ் விழுந்த குழியும் இதுவே, வங்கிக்குப் பதில் மொய் நோட்டு என்பதைத் தவிர. பேராவூரணி, கீரமங்கலம் பக்கத்து மொய் விருந்தில் கொடுப்பவர் விருந்தினர், பெறுபவர் விருந்து வைப்பவர். பாட்லாட்ச்சில் திசை நேர் எதிர். அங்கே சாட்சி மனித நினைவு, இங்கே நோட்டு. இந்த வேறுபாடுகளை ஒப்புக்கொண்ட பிறகுதான் ஒப்பீடு பயன்தரத் தொடங்குகிறது, அதுவும் நம் பக்கம் திரும்பி. மொய் விருந்தை வட்டியில்லாக் கடன் என்று எழுதுவது நமக்கும் வழக்கமாகிவிட்டது. கடன் மட்டும்தான் என்றால் பழைய பாக்கியைத் திருப்பியதோடு கணக்கு முடிந்துவிட வேண்டும். முடிவதில்லை, அதன்மேல் ‘புது நடை’ வைத்தால்தான் உறவு தொடர்கிறது. ஊர்ப்பெயரோடு சேர்த்து ஆள்பெயரை எழுதுவதும், நேரில் வந்து சாப்பிட்டுப் போவதும் எதற்கு? மொய்க்கு வந்தவர் கடன் கொடுக்க மட்டும் வந்தவரா, அந்த வீட்டின் நிலைக்குச் சாட்சியாகவும் வந்தவரா? குவாக்குவாக்கவாக்கு வழக்கத்தை அறியாமல் இந்தக் கேள்வி நமக்குத் தோன்றியிருக்குமா என்பது ஐயமே. பிறர் பண்பாட்டை அறிந்ததன் அடையாளம், நம் வழக்கம் நமக்குச் சற்று அந்நியமாகத் தெரியத் தொடங்குவதுதான்.

போவாஸின் மாணவி ரூத் பெனடிக்ட் எதிர்த்திசையில் பிழை செய்தார். 1934இல் வெளிவந்த ‘பேட்டர்ன்ஸ் ஆஃப் கல்ச்சர்’ நூலில் இம்மக்களை, போட்டியாளரை நாணவைக்கவே செல்வத்தை அழிக்கும் தற்பெருமைப் பித்தின் உருவமாகத் தீட்டினார். அவர் அங்கே களப்பணி செய்ததில்லை. போவாஸும், ஃபோர்ட் ரூபர்ட்டைச் சேர்ந்த அவரது உடனுழைப்பாளர் ஜார்ஜ் ஹண்ட்டும் திரட்டிய தரவுகளே ஆதாரம். பெனடிக்ட் இயல்பு என்று கண்டது உண்மையில் ஒரு காலத்தின் நெருக்கடி. 1849இல் ஹட்சன் விரிகுடா நிறுவனம் ஃபோர்ட் ரூபர்ட்டில் கோட்டை கட்டியது, போர்வைகள் குவிந்தன. 1862இல் தொடங்கிய பெரியம்மையும் பிற நோய்களும் வாரிசுகளைக் கொன்றன. உயர்பதவிகள் காலியாகக் கிடந்தன, உரிமைகோரக் கூலிப்பணமும் கையில் இருந்தது. போட்டி வீங்கியதற்கு இதுவே பின்னணி என்று 1950இல் ஹெலன் கோடேர் வாதிட்டார். பேரழிவின் எதிர்வினையைப் பண்பாட்டின் ஆன்மா என்று படிப்பது, எத்தனை அனுதாபத்தோடு செய்தாலும், அம்மக்களிடமிருந்து வரலாற்றைப் பறிப்பதுதான்.

1947இல் அமெரிக்க மானிடவியல் கழகம், மெல்வில் ஹெர்ஸ்கோவிட்ஸ் வரைந்த அறிக்கையை ஐக்கிய நாடுகளின் மனித உரிமை ஆணையத்துக்கு அனுப்பியது. மேற்கின் விழுமியங்களை உலகப் பொதுவென்று திணிக்காதீர்கள் என்பது அதன் எச்சரிக்கை. காலனியாதிக்கம் உடையத் தொடங்கிய அந்த ஆண்டில் அது அவசியமான எச்சரிக்கைதான். ஆயினும் ஜூலியன் ஸ்டீவர்டும், பாட்லாட்ச் ஆய்வாளரான அதே பார்னெட்டும் விரைவிலேயே எதிர்த்து எழுதினார்கள். சகிப்பே விதி என்றால் சகிப்பற்ற பண்பாட்டை எப்படி எதிர்கொள்வது? கழகம் 1999இல் வேறொரு பிரகடனத்தால் மனித உரிமையின் பக்கம் வந்துசேர்ந்தது. என் பார்வையில் 1947 அறிக்கையின் குறை அதன் சகிப்பில் இல்லை. பண்பாட்டை ஒற்றை ஆளாகப் பாவித்து, அந்த ஆளிடம் மட்டும் அது பேசியதில் இருக்கிறது.

வடமேற்குக் கரைச் சமூகங்களில் பரம்பரை அடிமைகள் இருந்தார்கள். சில விழாக்களில் அவர்கள் கொடைப்பொருளானார்கள், சிலவேளை கொல்லப்பட்டார்கள். பாட்லாட்ச்சை அதன் அளவுகோலால் அறிய வேண்டும் என்போர், யாருடைய அளவுகோல் என்று இந்த இடத்தில் கேட்டே ஆக வேண்டும். தலைவனின் அளவுகோலும் அடிமையின் அளவுகோலும் ஒன்றல்ல. ‘எங்கள் ஊர் வழக்கம்’ என்று சொல்லிச் சாதித் தடைகளைக் காப்பவர்களிடமும் கேட்க வேண்டியது இதே கேள்விதான். இதை எழுப்ப வெளியிலிருந்து எந்த விழுமியத்தையும் இறக்குமதி செய்யத் தேவையில்லை.

அந்தக் கேள்வி உள்ளிருந்தே எழும் என்பதற்கு ஜேன் குக் ஒரு சான்று. கஅக்ஸ்தலாஸ் என்ற பெயரும் உடைய இந்தக் குவாக்குவாக்கவாக்குப் பெண் கிறித்தவர், மொழிபெயர்ப்பாளர். கிரான்மர் பாட்லாட்ச் தொடர்பான 1922 வழக்குகளில் நீதிமன்றத்துக்கு மொழிபெயர்த்தவரும் அவரே. பாட்லாட்ச் செலவுக்குப் பொருள்திரட்டும் திருமண ஏற்பாடுகளில் பெண்கள் படும் பாட்டைச் சுட்டிக்காட்டித் தடையை ஆதரித்தார். ஆய்வு நூல்களில் நெடுங்காலம் அவர் துரோகியாகவே நின்றார். அவரது வழித்தோன்றல்களும் லெஸ்லி ராபர்ட்சனும் சேர்ந்து 2012இல் வெளியிட்ட நூல் அந்தச் சித்திரத்தைக் குலைத்தது. 1914இல் நில ஆணையத்தின் முன் தன் மக்களின் நிலத்துக்காக வாதாடியவர் அவர்; பிரிட்டிஷ் கொலம்பியாவின் பழங்குடிக் கூட்டமைப்பின் செயற்குழுவில் 1922இல் இருந்த ஒரே பெண்ணும் அவரே. பாட்லாட்ச்சுக்கு எதிரான அவர் சொல் அரசுக்கு உவப்பாக இருந்தது. நிலத்தைப் பற்றிய அவர் சொல் உவக்கவில்லை: நில உரிமைக்கோரிக்கைக்காகப் பணம் திரட்டுவதையே 1927இல் கனடா சட்டவிரோதமாக்கியது.