கிணற்றடியும் குழாயடியும்: கொள்ளிடத்து நீர் யார் கணக்கில்?



இந்த நினைவுரைக்கு நாங்கள் தண்ணீரை எடுத்துக்கொண்டதற்குக் காரணம் உண்டு. 1927 மார்ச் 20 அன்று மகாடில் அண்ணல் அம்பேத்கர் சவுதார் குளத்து நீரை அள்ளிக் குடித்தார். பொதுக் குளங்களை அனைவருக்கும் திறந்துவிடும் தீர்மானம் பம்பாய்ச் சட்டமன்றத்தில் 1923லேயே நிறைவேறியிருந்தது. அந்தக் குளத்தின் மீதான உரிமையை உயர்நீதிமன்றம் உறுதிசெய்ய 1937 ஆனது. தாளில் எழுதிய தண்ணீர் சேரிக்கு வந்துசேர எவ்வளவு காலம் பிடிக்கும் என்பதை அந்தப் பதினான்கு ஆண்டுகள் சொல்கின்றன.

அந்தப் பாடத்தோடு நம் மாவட்டங்களைப் பார்ப்போம். பெரம்பலூரில் பெரும்பகுதி கடும்பாறை நிலம். வற்றாத ஆறு கிடையாது. அரியலூரின் தெற்கு எல்லையில் கொள்ளிடம் ஓடுகிறது. முதலாம் இராசேந்திரன் கங்கைகொண்ட சோழபுரத்தில் வெட்டுவித்த சோழகங்கம் இன்று பொன்னேரி என்ற பெயரில் இருக்கிறது. அரசன் பெயர் செப்பேட்டில் நிற்கிறது. கரைக்கு மண் சுமந்தவர் பெயர் எதிலும் இல்லை. தமிழகத்தின் பல ஏரிப்பாசன ஊர்களில் மடை திறந்து நீர் பாய்ச்சிய நீர்க்கட்டிகள் நம் மக்கள்தாம். எந்த வயலுக்கு எவ்வளவு என்று அளந்த கைக்கு ஊர்க்கிணற்றில் வாளி இறக்க உரிமை இல்லை.

இன்றைய செய்திக்கு வருவோம். பெரம்பலூர் நகரத்துக்குக் கொள்ளிட நீர் ஏற்கனவே வருகிறது. இப்போது நகராட்சிக்கும் எறையூர் சிப்காட் தொழிற்பூங்காவுக்கும் சேர்த்துப் புதிய கூட்டுக் குடிநீர்த் திட்டம் முன்வைக்கப்பட்டிருக்கிறது. குடிநீரை நாங்கள் எதிர்க்கவில்லை. குடம் தூக்கி நடந்த பெண்களின் பிள்ளைகள் நாங்கள். எங்கள் கேள்வி கணக்கைப் பற்றியது.

கொள்ளிடம் வெள்ளத்தைக் கொண்டுபோகும் ஆறு. ஆண்டின் பல மாதங்கள் மேலே மணல்தான் தெரியும். நீர் மணலுக்குள் இருக்கும். ஆற்றுக்குள் கிணறு இறக்கி இறைத்தால் சுற்றிலும் நிலத்தடி நீர்மட்டம் சரியும். மணலையும் அள்ளிவிட்டால் வெள்ளம் வரும்போது தேக்கி வைக்க இடமே இருக்காது. திருமானூர் மக்கள் மணல் குவாரிக்கு எதிராகப் போராடியதன் பொருள் இதுதான். அரியலூரின் சுண்ணாம்புக்கல் சுரங்கக் குழிகளில் ஊறும் நீரை இறைத்து வெளியேற்றுவதும் இதே நிலத்தடி நீரைத்தான் தொடுகிறது. ஒவ்வொன்றையும் தனித்தனியாகப் பார்த்தால் சிறிதாகத் தெரியும். நிலத்துக்கு அவை எல்லாம் ஒரே இழப்பு.

இழப்பும் சாதி பார்த்தே இறங்குகிறது. கிணறு வற்றினால் நிலமுள்ளவர் கடன் வாங்கியாவது ஆழ்துளையை இன்னும் ஆழமாக்குவார். நிலமில்லாத நம் பெண்களுக்கு நடவும் களையெடுப்பும் போய்விடும். அவர்களுக்கு இழப்பீடு கேட்க ஒரு பட்டா கூடக் கையில் இல்லை.

சுரங்கம் தொடங்க மக்கள் கருத்துக்கேட்பு நடத்தச் சட்டம் சொல்கிறது. 2006 சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு அறிவிக்கையின் பட்டியலிலோ குடிநீர்த் திட்டம் தனி இனமாக இல்லை. 'குடிநீர்' என்ற சொல்லுக்குள் தொழிற்பூங்காவின் பங்கும் சேர்ந்து வரும்போது இந்த மௌனம் ஆபத்தானது. 1942 முதல் 1946 வரை வைஸ்ராயின் நிர்வாக சபையில் தொழிலாளர் துறை உறுப்பினராக இருந்த அம்பேத்கர், ஆற்றுப் படுகையை முழுமையாகப் பார்த்துத் திட்டமிடும் கொள்கைக்கு வழி வகுத்தார். ஒரு கிணற்றையும் ஒரு குழாயையும் மட்டும் பார்ப்பது அந்தக் கொள்கைக்கு எதிரானது.

குழாய் முனையிலும் நமக்கு நிம்மதி இல்லை. 2022 டிசம்பரில் புதுக்கோட்டை மாவட்டத்தின் வேங்கைவயலில், நம் மக்கள் குடிக்கும் மேல்நிலைத் தொட்டியில் மலம் கலக்கப்பட்டது. திட்டம் தொட்டி கட்டித் தரும். தொட்டியைச் சுற்றியுள்ள சாதியை அது இடிக்காது.

ஆகவே நாம் கேட்பவை நான்கு. கிணறு இறக்கும் முன்பும் பின்பும் சுற்றூர்களின் நீர்மட்டத்தை அளந்து கிராம சபையில் வைக்க வேண்டும். நீரெடுக்கும் பகுதியில் மணல் குவாரி கூடாது. வீட்டுக்கு எவ்வளவு, ஆலைக்கு எவ்வளவு என்று தனித்தனிக் கணக்கு வேண்டும். கடைசிச் சேரியின் கடைசிக் குழாயில் நீர் வந்த பிறகே திட்டம் முடிந்ததாக அறிவிக்க வேண்டும்.

மாணவர்களே, இந்தக் கோடையிலேயே உங்கள் ஊர்க் கிணறுகளில் கயிறு விட்டு அளந்து குறித்து வையுங்கள். மடையில் நின்று நீரளந்தவர்களின் பிள்ளைகள் நாம். இம்முறை கணக்குநோட்டு நம் கையில் இருக்கட்டும்.

ஜெய்பீம்.